கள்ளிமேட்டு வழியாகப் போன வெளிச்சம்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே கள்ளிமேட்டில், ஆடிக்காற்று தகரக் கூரைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லேசர் கம்பெனியின் கடைசி மேசையிலிருந்து ஒரு வெளிச்சம் மெதுவாக வெளியே வந்தது. வெளிச்சம் மெதுவாக வராது என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அது மெதுவாகத்தான் வந்தது. வந்ததைப் பார்த்த வசந்தாமணி கையிலிருந்த ஸ்குரூடிரைவரைத் தட்டில் வைத்துவிட்டு, அது போக இடம் வேண்டுமே என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஆச்சரியப்பட அவளிடம் தெம்பு இல்லை.

அந்தக் கம்பெனியில் கண் ஆஸ்பத்திரிகளுக்கான லேசர் செய்தார்கள். தலைமுடிக் கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதை வளையமாகச் சுற்றி, வளையத்துக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டால், அதிலுள்ள நிறங்கள் கல்யாண வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்த சொந்தக்காரர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் போகும். சிவப்புக்கு எப்போதும் அவசரம், நீலம் எப்போதும் பின்தங்கும். முன்னால் போனதை நிறுத்திவைத்து, பின்னால் வருவதைக் கூட்டி வந்து, எல்லாவற்றையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒரு துடிப்பாகப் பொங்கி அடங்கும். அந்தத் துடிப்பு இருக்கும் நேரத்தைச் சொல்ல வேண்டுமானால், ஒரு நொடியைக் கோடித் துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடியும் லட்சக்கணக்கான துண்டுகளாக நறுக்க வேண்டும். அவ்வளவு குட்டியாக இருப்பதால்தான் அது கண்ணின் மேல்படலத்தைச் சூடு தெரியாமல் அறுக்கிறது. அதை அவ்வளவு குட்டியாகப் பிடித்துவைப்பதுதான் பௌதிகம் படித்த வசந்தாமணியின் வேலை, இருபது வருஷத்துக்கும் மேலாக. இத்தனை வருஷத்தில் அவள் அந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அது கண்ணுக்குத் தெரியாத ஜாதி வெளிச்சம். திரையில் ஒரு சின்ன மேடாகத்தான் அவளுக்கு அதைத் தெரியும்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். மூத்த மகளுக்குப் பிரசவம் முடிந்து பச்சைக்குழந்தை வீட்டில் இருந்தது, இளையவளை ஏழாம் மாதத்தில் சீர் வைத்துக் கூட்டி வந்தாயிற்று, கணவர் லாரியில் நாக்பூர் போனால் திரும்பி வருகிற நாள் அவருக்கே தெரியாது, மூத்த மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் தொட்டிலுக்குச் சேலை கட்டிய விஷயத்தில் ஏற்பட்ட மனஸ்தாபத்தை அவள்தான் இரண்டு பக்கமும் போன் பேசி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவள் மேல் பிரியம். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்காக ஒரு விசில் தாமதித்துக் கொடுப்பார், கம்பெனியில் அரைமணி முன்னால் கிளம்பினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நீங்க போங்கக்கா நாங்க பாத்துக்கறோம் என்பார்கள். அவளும் போவாள். போய்க்கொண்டேதான் இருந்தாள்.

வெளிச்சம் வந்தது என்றேன். அது ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது, நெஞ்சு உயரத்தில், வெள்ளையாக, ஆனால் கூசாத வெள்ளையாக. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். அது மேசையைத் தாண்டுவதற்குள் ஒருவர் போய் டீ வாங்கி வந்து குடித்தும் முடித்துவிட்டார். முதலாளி விஜயரங்கம் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஏதாவது தகட்டை வைத்து மறைத்துப் பாரு என்று வசந்தாமணியிடம் சொன்னார். மறைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். அணைந்து போகும் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டதும் அவளுக்காகத் தகட்டை எடுக்கப் போன ஒருவர் எடுக்காமலே நின்றுவிட்டார். அது கிழக்கு ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வருஷக்கணக்கான புழுதி ஒட்டிக் கிடந்ததால், வசந்தாமணி எழுந்து போய் அதன் கொக்கியைத் தள்ளிக் கதவைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் அது வெளியே போனது. அது போன அந்த நேரத்திலிருந்து வளையத்துக்குள் இருட்டு. எத்தனை முறுக்கினாலும், எத்தனை வளைத்தாலும், திரையில் அந்த மேடு மறுபடி எழும்பவில்லை.

கள்ளிமேட்டுக்காரர்கள் அதற்குப் பழகிப்போக ரொம்ப நாள் ஆகவில்லை. வெளிச்சம் வளையாது, நேராகத்தான் போகும் என்று கம்பெனி ஆட்கள் சொன்னதும், அந்த நேர்கோட்டில் யார் யார் வீடு வருகிறது என்று பார்க்க ஜனங்கள் கிழக்கே நடந்தார்கள். முதலில் லேத் பட்டறை. பட்டறைக்காரர் மூன்று ஆட்களை வைத்துத் தன் பெரிய மெஷினை ஒரு முழம் தள்ளிப்போட்டார், இரண்டு பக்கக் கதவையும் நாள் முழுக்கத் திறந்து வைத்தார், தீப்பொறி பறந்தால் அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று அது தாண்டுகிற வரைக்கும் கிரைண்டிங் கல்லைச் சுற்றவில்லை. அடுத்தது பேக்கரி. அது பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்குள் நுழைந்து, கண்ணாடிக்குள் இன்னும் மெதுவாகி, தேன் கேக்குகளுக்கு மேலே ஒரு பகல் முழுக்கத் தங்கியது. அன்றைக்கு வந்த கேக்கை யாரும் விலை கேட்காமல் வாங்கிப் போய், தின்னவும் மனசு வராமல், பூஜை அலமாரியில் வைத்து எறும்பு மொய்க்க விட்டார்கள்.

அப்புறம் கல்யாண மண்டபம். ஆவணி முதல் முகூர்த்தம். மணவறைக்கு நடுவில்தான் அது போகும் என்று தெரிந்ததும், பெண் வீட்டார் அது தங்கள் பக்க விசேஷம் என்றும் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பக்க விசேஷம் என்றும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, வெளிச்சத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மாலையில் அது படாமல் கையை மேலே தூக்கித் தாலி கட்டிமுடித்தார்கள். போட்டோக்காரர் எடுத்த ஒரு படத்திலும் அது விழவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததைப் போலத்தான் இருந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி அதை அம்மன் என்றார். சர்ச்சுக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் தங்கள் மதில் சுவரில் ஒரு கல்லை உருவி வைத்தார்கள். பள்ளிவாசல் அந்தக் கோட்டில் வரவில்லை, ஆனாலும் அங்கிருந்து பாய்மார்கள் வந்து, கல் உருவிய இடத்தில் மதில் சரியாமலிருக்க முட்டுக்கொடுத்தார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேனர் கட்டினார்கள், அதிலும் ஒரு பேனர் கோட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டதால் தலைவரின் காதோரத்தில் வட்டமாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

வீடுகள் வந்தபோது ஜனங்கள் சுவர்களில் செங்கல்லை உருவினார்கள். ஒரு செங்கல் போதும். மேற்குச் சுவரில் ஒன்று, கிழக்குச் சுவரில் ஒன்று. சாமான்களை நகர்த்தினார்கள், பீரோவைத் திருப்பினார்கள், கொசுவலையைச் சுருட்டினார்கள், தூளியை அடுத்த விட்டத்துக்கு மாற்றினார்கள். காலையில் எழுந்ததும் எங்க வந்திருக்குது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. அது நாளுக்கு நாள் இன்னும் மெதுவாகியது. பிரசவமான பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதைப் போலப் போகிறது என்று பெண்கள் சொன்னார்கள். அதற்குக் களைப்பு என்று யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் ஊருக்கே அது தெரிந்துவிட்டது. வளையத்துக்குள்ளேயே எத்தனை வருஷமா சுத்தியிருக்கும் பாவம் என்றார்கள். பஞ்சு மில்லில் ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் தூக்குப்போசியோடு அதன் பக்கத்தில் வந்து சும்மா நின்றார்கள். ஏன் நிற்கிறாய் என்று ஊரில் யாரும் கேட்காத இடமாக அது ஒன்றுதான் இருந்தது. மாமியாரும் கேட்கவில்லை, சூப்பர்வைசரும் கேட்கவில்லை. நின்றுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

வசந்தாமணி தினமும் இரண்டு வேளை வந்து அதைப் பார்த்தாள். அது அவள் மேசையிலிருந்து வந்தது என்பதால் ஊர் அவளை அதன் தாய்வீட்டு மனுஷியாக நடத்தியது. வழி விட்டு நின்றார்கள், குடிக்க மோர் கொடுத்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்குப் படாத ஒன்று அவள் கண்ணுக்குப் பட்டது. புளியங்கொட்டையாக வந்தது நிலக்கடலையாக நீண்டிருந்தது, அப்புறம் அவரைக்காய், அப்புறம் முருங்கைக்காய். முன்முனையில் லேசாகச் சிவப்பு, பின்முனையில் லேசாக நீலம். தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பத்தில் ஆண்கள் முன்னால் போய்விட, பிள்ளைகள் செருப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வருவதைப் போல, அது உள்ளுக்குள் பிரிந்துகொண்டிருந்தது. காற்று அதைப் பிரிக்கிறது. போகப்போகப் பிரியும். பிரிந்து பிரிந்து கடைசியில் எதுவுமே மிஞ்சாது, ஒரு சாயம் போன நீளம்தான் இருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது செய்யுங்கக்கா என்பார்கள்.

விஜயரங்கத்திடம் மட்டும் சொன்னாள். அவர் கெட்டவர் கிடையாது. கம்பெனியில் முப்பது குடும்பம் பிழைக்கிறது, வளையம் இருட்டாகக் கிடக்கிறது, லேசரை எதிர்பார்த்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், அது வெளியே போனதிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வழியில் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் பட்டால் வெளிச்சம் திரும்பும். சரியான கோணத்தில் நிறுத்தினால் வந்த வழியே, இத்தனை ஓட்டைகள் வழியாகவே, திரும்ப மேசைக்கு வந்துசேரும், மறுபடி வளையத்துக்குள் போட்டுவிடலாம். பிரிந்ததையும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடி நிறுத்த வசந்தாமணியைத் தவிர ஆள் இல்லை. அவள் சரி என்றாள். சரி என்று சொல்வது அவளுக்கு எப்போதும் சுலபமாக இருந்தது.

ஆனால் கண்ணாடியை மெத்தென்ற துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் அவள் ஒரு காரணம் சொல்லித் திரும்பி வந்தாள். இங்கே காற்று ஜாஸ்தி என்றாள். இங்கே லாரி போகிற அதிர்வு என்றாள். இங்கே அடுப்புப் புகை என்றாள். எல்லாமே நிஜம்தான். விஜயரங்கம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அவரே பைபாஸ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாச்சிமுத்துவின் மாவு மில்லில் வைத்துவிடலாம், அங்கே காற்றும் இல்லை, அந்த ஆள் பின்சுவரை இடிக்கவும் மாட்டேன் என்கிறார், வேறு வழியும் இல்லை என்றார்.

நாச்சிமுத்துவை ஊரில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. அவருக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வயசு இருக்கும். ஒரு காலத்தில் ரோட்டோரம் பெரிய வீடு. பைபாஸ் வந்தபோது கொஞ்சம் வழி விடுங்க என்று வந்து முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். கேஸ் குழாய் வந்தபோது கொஞ்சம் வழி விடுங்க என்று தோட்டத்தைக் கிழித்தார்கள். கரண்ட் கோபுரத்துக்குக் கொஞ்சம் வழி விடுங்க என்று மிச்சமிருந்த தென்னைகளை வெட்டினார்கள். அவர் பெண்டாட்டி இந்தத் தூசியும் இரைச்சலும் தன்னால் ஆகாது என்று மகனோடு பெங்களூர் போய்விட்டாள். மிச்சம் ஒரே ஒரு நீள அறை, மேற்கே ஷட்டர், கிழக்கே சுவர். அதில் அவர் மாவு மில் வைத்திருந்தார். கம்பு, ராகி, மிளகாய்த்தூள், கோதுமை. யாரோடும் அதிகம் பேச மாட்டார். மில் ஓடும்போது பேசினாலும் கேட்காது.

வெளிச்சம் அவர் ஷட்டருக்கு எதிரே பைபாஸ் ஓரம் வந்துவிட்டது. லாரிகளையும் பஸ்களையும் போலீஸார் வேலிக்கம்பி கட்டி ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டார்கள், டிரைவர்கள் திட்டாமல் போனார்கள். பேக்கரிக்காரர், லேத் பட்டறைக்காரர், கோயில் பூசாரி, கவுன்சிலர் என்று ஒவ்வொருவராக வந்து, ஒரே ஒரு செங்கல்தான், நாங்களே எடுத்து நாங்களே பூசித் தருகிறோம் என்று நாச்சிமுத்துவிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மில்லை ஓடவிட்டார். ஊருக்கே கோபம். இத்தனை பேர் வழி விட்டோம், இந்த ஒரு ஆளால் அது சுவரில் முட்டிச் சாகப்போகிறது என்றார்கள். அவரிடம் மாவு அரைக்க வருவதையே சிலர் நிறுத்தினார்கள்.

விஜயரங்கம் முக்காலியும் கண்ணாடியுமாக ஆட்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, வசந்தாமணியை உள்ளே அனுப்பினார். நீ சொன்னா யாரும் மாட்டேங்க மாட்டாங்க என்றார். அவள் போனாள். இளையவளுக்குக் காலையிலிருந்து கால் வீக்கம், குழந்தைக்குச் சளி, போனில் மூன்று பேர் கூப்பிட்டு அவள் எடுக்கவில்லை. மில்லுக்குள் மாவு மிதந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் புருவமெல்லாம் வெள்ளை. அவளைப் பார்த்ததும் அவர் சுவிட்சை அணைத்தார். பெல்ட் தளர்ந்து நின்றது.

கண்ணாடி வைக்க இடம் வேண்டும் என்று அவள் சொன்னாள். சுவரை ஒன்றும் செய்ய மாட்டோம், சுவருக்கு முன்னால் ஒரு முக்காலி, அவ்வளவுதான், பட்டதும் திரும்பிப் போய்விடும் என்றாள்.

"எங்க போகும்?"

"வந்த இடத்துக்குங்க."

"அங்க போய்?"

"சுத்தும்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"சரி, கண்ணாடி வைக்கலைன்னு வெச்சுக்கோங்க அம்மணி. சுவத்துல செங்கல்லை எடுத்து உட்டுட்டேன். அப்ப எங்க போகும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். இவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

"போய்க்கிட்டே இருக்குங்க. போகப்போகப் பிரிஞ்சுடும். இப்பவே முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணா இருக்குது. இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒண்ணுமே இருக்காதுங்க."

"இது ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் ஷட்டர் வழியாக ரோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஜனம் நின்றிருந்தது. நடுவில், வேலிக்கம்பிக்கு மேலே, மங்கலான ஒரு நீள வெளிச்சம், யாரோ உலரப் போட்டுவிட்டு மறந்துபோன துணியைப் போல, நகர்கிறதா இல்லையா என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது.

"செங்கல்லையும் எடுக்க மாட்டேன், கண்ணாடியும் வைக்க உடமாட்டேன்" என்றார் நாச்சிமுத்து. குரலை உயர்த்தவில்லை. "வழி உட்டு வழி உட்டே நான் இந்த ஒரு ரூமுக்கு வந்து நிக்கறேன். அதனால மாட்டேங்கறேன்னு நினைச்சுக்காதீங்க, அதுவும்தான், இல்லைங்கல. ஆனா இவங்களையெல்லாம் பாருங்க. பட்டறைக்காரர் மெஷினை நகத்துனாரு, கல்யாண வீட்டுல நகந்து உக்காந்தாங்க, வீட்டுக்கு வீடு சுவத்துல ஓட்டை போட்டீங்க. எல்லாரும் போ போன்னு வழி உட்டீங்க. ஒருத்தராச்சும் அதை உக்காருன்னு சொன்னீங்களா?"

வசந்தாமணி திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.

"என்ற வீட்டுக்குள்ள வரட்டும்" என்றார் அவர். "சுவரு இருக்குது. வந்து சாஞ்சுக்கட்டும்."

அவள் வெளியே வந்து விஜயரங்கத்திடம் கண்ணாடி வேண்டாம் என்றாள். அவர் அவளையே பார்த்தார். அவள் அவரிடம் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் தடவை. கம்பெனி, முப்பது குடும்பம், ஆஸ்பத்திரி என்று ஏதோ தொடங்கினார். தெரியுங்க சார் என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் வாதாடியிருப்பார். கோபம் இல்லாததால் முக்காலியைப் பிடித்திருந்த ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், அவர்கள் அதை மடக்கினார்கள்.

மறுநாள் முற்பகலில் வெளிச்சம் ஷட்டரைத் தாண்டி உள்ளே நுழைந்தது. நாச்சிமுத்து அறையை ஒதுக்கவில்லை, தான் எப்போதும் வைத்திருப்பதைப் போலவே மூட்டைகளையும் தராசையும் வைத்திருந்தார், குறுக்கே இருந்த ஒரு முறத்தை மட்டும் எடுத்து ஓரமாகச் சாத்தினார். மிதக்கிற மாவில் அது முதல் தடவையாக முழுசாகத் தெரிந்தது. ஜனங்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். முன்னால் சிவப்பு, அதன் பின்னால் மருதாணி நிறம், மஞ்சள், கொஞ்ச இடைவெளி விட்டுப் பச்சை, ரொம்பப் பின்னால், ஷட்டருக்கு வெளியே இன்னும், ஒரு நீலம். அறை நீளத்துக்கும் அது பரவியிருந்தது. இவ்வளவு பிரிந்துபோயிருக்கிறது என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தேன் கேக்கைப் பூஜையில் வைத்த அம்மாள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவப்பு சுவரைத் தொட்டது. அணையவில்லை. காரை பெயர்ந்த அந்தப் பின்சுவரில், காலண்டர் தொங்குகிற ஆணிக்குக் கீழே, அது அப்படியே நின்றது. நின்று காத்திருந்தது. மருதாணி நிறம் வந்து அதன் மேல் சாய்ந்தது. மஞ்சள் வந்தது. பச்சை வருவதற்கு நேரம் பிடித்தது, யாரும் நகரவில்லை, ஒரு லாரி ஹார்ன் கூட அடிக்கவில்லை. கடைசியாக நீலம், அறையின் மாவெல்லாம் நீலமாக, தராசுத் தட்டும் மூட்டைகளும் நாச்சிமுத்துவின் புருவமும் நீலமாக, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. எல்லாம் சேர்ந்ததும் சுவரில் ஒரு புளியங்கொட்டை அளவு வெள்ளை இருந்தது. இருபது வருஷமாக அவள் திரையில் பார்த்துப் பார்த்துச் சேர்க்கப் பாடுபட்ட அந்த ஒன்று, ஒருவரும் சேர்க்காமல், தானாகச் சேர்ந்திருந்தது. வசந்தாமணி அதைப் பார்த்தாள். அதற்குப் பின் அது அங்கே இல்லை. அது போன கணத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு சின்னக் கணம் அது. சுவர் மட்டும் இருந்தது. நாச்சிமுத்து போய் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, சூடா இருக்குது என்றார்.

ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செங்கல்லைத் திரும்ப வைத்துப் பூச வேண்டுமே என்ற நினைப்பு வந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். விஜயரங்கத்துக்குப் போன் வந்தது. கடைசி மேசையின் வளையத்தில் வெளிச்சம் மறுபடி ஓடுகிறது, திரையில் மேடு எழும்பியிருக்கிறது என்றார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முக்காலியைக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டு, வசந்தாமணியைக் கூப்பிடுவதற்காக மில் வாசல் வரைக்கும் வந்தார். அப்புறம் கூப்பிடாமல் திரும்பிப் போனார்.

அவள் ராகி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை, கால்கள் தாமாக மடிந்தன. பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மகள்களில் ஒருத்தியாக இருக்கும், அல்லது சம்பந்தியம்மாளாக இருக்கும். எடுக்க வேண்டும் என்று கையை நீட்டினாள், கை பாதி வழியில் மடியில் விழுந்தது. போன் தானாக நின்றது, மறுபடி அதிர்ந்தது, மறுபடி நின்றது. பின்சுவரில் முதுகைச் சாய்த்தாள். அந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, பட்டப்பகலில், பைபாஸ் லாரிகள் மறுபடி இரைச்சலோடு ஓட ஆரம்பித்த அந்த நேரத்தில், அவள் தூங்கிப்போனாள்.

மாவு அரைக்க ஆட்கள் வந்தார்கள். கோதுமை டின்னோடு ஒருத்தி, மிளகாய் வறுத்துக் கொண்டுவந்த ஒருத்தர், பஞ்சு மில் ஷிப்டு முடிந்து கம்புப் பையோடு வந்த இரண்டு பெண்கள். நாச்சிமுத்து வாசலில் நின்றுகொண்டு உதட்டில் விரலை வைத்தார். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வரட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் யாரும் போகவில்லை. கொண்டுவந்த டின்களையும் பைகளையும் வரிசையாக ஷட்டருக்குக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டு பெண்களும் முதலில் வாசல்படியில் உட்கார்ந்தார்கள், பிறகு மிளகாய்க்காரர் உட்கார்ந்தார், பிறகு கோதுமைக்காரி டின்னின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நாச்சிமுத்து உள்ளே போய்ச் சத்தமில்லாமல் மெயின் சுவிட்சையும் அணைத்தார். அன்றைக்குக் கள்ளிமேட்டில் யாரும் மாவு அரைக்கவில்லை.